ஒன்பது மூக்குகளும் ஒரு கிடாரம் கஞ்சியும்

“இதைக் கொட்டுங்க” என்று நான் சொன்னபோது நோன்பு திறக்க ஐம்பத்திரண்டு நிமிடங்கள் இருந்தன.

பள்ளிவாசலுக்குப் பின்னால், களப்பு நீர்ப்பரப்பைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டில். மூன்று கல் வைத்த அடுப்பில் ஒரு கிடாரம். அதில் நூற்று அறுபது அகப்பை கஞ்சி கொள்ளும். ஒரு ரமழானில் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன். வெளியே மதிலோரம் நாற்பத்தொரு வாளிகள் வரிசையில் இருந்தன. வீடுகளிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை.

மூடியைத் தூக்கினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆவியைக் கையால் என் பக்கம் விசிறி, மூச்சை இழுத்தேன். வெள்ளைப்பூடும் ரம்பை இலையும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் கலந்த அந்த மணம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கைவிட்ட இறால் பண்ணைக் குளத்தின் அடிச்சேற்றைக் கிளறி, அதன்மேல் ரப்பர் செருப்பைப் போட்டு எரித்தால் எப்படி இருக்கும்? அப்படி வந்தது.

இரண்டாம் தடவை முகர்ந்தேன். மூன்றாம் தடவையும் முகர்ந்தேன். அதே நாற்றம். மூன்று தடவை செய்து ஒரே விடை வந்தால் அதை நம்பலாம் என்று இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான்.

பத்திரிகையில் சென்ற கிழமை வந்த என் பகுதியைப் படித்துவிட்டு, ‘சேர் எல்லாரையும் ஏசிக்கொண்டே இருக்கிறார்’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்தக் கிழமையும் ஏசத்தான் போகிறேன். அன்று அந்தக் கிடாரத்தைச் சுற்றி ஒன்பது பேர் நின்றோம். என்னையும் சேர்த்து ஒன்பது. அதில் ஒருவரைக் கழித்துவிடுங்கள். அவர் சமையல்காரர் அபூசாலி. மிச்ச எட்டுப் பேர்மேலும் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

நாக்கு இருந்தும்

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று.

பார்த்திருக்கலாம். சமைக்கிறவர் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று எங்கள் மௌலவி பயானில் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, எனக்குத் தெரிய நாலு தடவை. எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் எங்கள் மஹல்லாவில் ஒரு ஆண்மகனும் அதைச் செய்ய மாட்டான். செய்தால், நோன்பில் ருசி பார்த்தவன் என்ற பெயர் பெருநாள் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நோன்பு இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் ரமழான் பகலில் எங்கள் ஊரில் நோன்பு இல்லாதவர் என்று எவரும் வெளியில் இல்லை. சீனி வருத்தம் என்ற நீரிழிவு உள்ளவர்கள்கூட உதட்டைக் காயவைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார்கள்.

ஆகவே மணம். உப்புக்கு மணம் இல்லை. அதற்கு அளவு இருக்கிறது, கிடாரத்துக்கு மூன்றரைக் கைப்பிடி. மற்றதெல்லாம் ஆவியில் தெரியும். பூடு வெந்ததா, வெந்தயம் கசந்ததா, அடி பிடித்ததா, பால் திரிந்ததா. இந்த வேலையைப் பத்தொன்பது ரமழானாக என்னிடம் விட்டிருந்தார்கள். விஞ்ஞான சேரின் மூக்கு. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

நாற்பத்தேழு நாள்

அந்த ரமழானுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த அதே காய்ச்சல். காய்ச்சல் ஆறாம் நாள் போனது. போகும்போது மணத்தையும் கொண்டுபோனது.

சவர்க்காரம், அத்தர், கருவாடு, ஒன்றுமே இல்லை. மூக்கடைப்பும் இல்லை. காற்று தாராளமாகப் போய் வந்தது. ஆனால் வெறுங்கையோடு வந்தது. மனைவி ஹாஜராவிடம் மட்டும் சொன்னேன். நாற்பத்தேழு நாள் நாட்காட்டியில் புள்ளி போட்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை கோப்பிக் கோப்பையிலிருந்து ஏதோ வந்தது. ஹாஜராவைக் கூப்பிட்டேன். பிறகுதான், வந்தது எரிந்த ரப்பர் மணம் என்று தெரிந்தது. தூள் பழுது என்று முடிவு கட்டினேன். கடையை மாற்றினேன். அதுவும் பழுது. மூன்றாவது கடையும் பழுது. முட்டை நாறியது. வெங்காயம் பொரிக்கும்போது வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று நான்கு அலுமாரிகளையும் நகர்த்திப் பார்த்தேன்.

கலப்படம், எல்லாம் கலப்படம் என்று ஏசினேன். கடைக்காரர் மூன்று பேர், முட்டைக்காரர் ஒருவர், ஹாஜரா எத்தனையோ தடவை. நாடு முழுவதும் அழுகிவிட்டது என்று நம்புவதற்கு எனக்குச் சிரமமே இருக்கவில்லை. என் மூக்கு பழுதாகியிருக்கலாம் என்று ஒரு தடவைகூட எண்ணவில்லை. போன மணம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

அந்த மூக்கோடுதான் நோன்பு பிறந்து ஐந்தாம் நாள் கிடாரத்தடிக்குப் போனேன். முதல் நாலு நாளும் எனக்கு இருமல். பாங்கு சொல்லும் மோதினார் மணந்து பார்த்திருந்தார்.

எட்டுப் பேர்

நான் கொட்டச் சொன்னதும் பள்ளி நிருவாகத் தலைவர் ஹனீபா ஹாஜியார் முன்னால் வந்து குனிந்து மணந்தார். “நல்லாத்தானே இரிக்கி, சேர்?” என்றார். மோதினாரும் அதையே சொன்னார்.

“ஹாஜியார், இறைச்சி அழுகினது. வடிவா மணந்து பாருங்க” என்றேன். பாடசாலைக் குரலில் சொன்னேன்.

ஹாஜியார் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது. “ஓம்... ஒரு மாதிரித்தான்” என்றார். அடுத்தவர் மணந்தார். அவருக்கும் ஒரு மாதிரி. அதற்கடுத்தவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐந்து பேர் மணந்தார்கள், ஐந்து பேருக்கும் நாறியது. மோதினாரும் இன்னொருவரும் குனியாமல் பின்வாங்கினார்கள்.

அவர்கள் நடிக்கவில்லை. அதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒருவருக்கு ஓங்காளமே வந்தது.

அபூசாலி மட்டும் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அறுபது தாண்டியவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கிய குடும்பம். எங்கள் பள்ளியில் பன்னிரண்டு ரமழானாகக் கஞ்சி காய்ச்சினார். எங்கள் பகுதிக் கல்யாணங்களில் வலீமா விருந்துச் சமையலும் அவருடையதுதான். “சேர், சுபஹுக்குப் பிறகு அறுத்த இறைச்சி. நான் நிண்டு வாங்கினது, நான் கழுவினது” என்றார். குரலை உயர்த்தவில்லை.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தப் பகுதியே பொய்யாகிவிடும்.

“அகதி முகாமில எதையும் திண்டு பழகின ஆக்களுக்கு மணம் எங்க விளங்கப் போகுது?”

ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. கிடாரத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் களப்போரப் பள்ளத்தில் கவிழ்த்தார்கள். நாற்பத்தொரு வாளியும் வெறும் வாளியாகத் திரும்பிப் போயின. பேரீச்சம்பழமும் தண்ணீரும் பணிஸும் வைத்து நோன்பு திறந்தோம். பள்ளத்தில் ஏழு பூனைகள் இறங்கிச் சாப்பிட்டன. மறுநாள் ஏழும் மதில்மேல் இருந்தன. அதையும் எண்ணினேன். எண்ணிவிட்டு, பூனை எதையும் தின்னும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அபூசாலி மறுநாள் வரவில்லை. நிருவாகம் வேறு ஆளைப் போட்டது. பெருநாளைக்குப் பிறகு வலீமாவுக்குப் பேசியிருந்த நாலு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை வேண்டாம் என்றன. சந்தையில் அவர் இறைச்சி வாங்கும்போது ஒருவன், “நாலு நாளைக்கு வெச்சுட்டுத்தானே சமைப்பீங்க, நானா?” என்று கேட்டுச் சிரித்தானாம். அழுகின இறைச்சிக்காரன் என்ற பெயர் ஒரு கிழமைக்குள் புத்தளம் பஸ்ஸில் எனக்கே ஒருவர் சொல்லும் கதையாகிவிட்டது.

ஹாஜராவின் மூன்று கிண்ணங்கள்

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் படுக்கையில் இருக்கிறார். நோன்பு இல்லை. அபூசாலி தினமும் அஸர்த் தொழுகைக்கு முன்னாலேயே, கிடாரத்தில் முதல் இரண்டு அகப்பையை அவருக்கு அனுப்பிவிடுவார். அன்றும் அனுப்பியிருந்தார். மூதாட்டி முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாகத் தூங்கினாராம். ஹாஜரா இதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்ல எட்டு நாள் எடுத்தாள். எனக்குப் பயந்து இல்லை. என்னை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்தவனை மேசைக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்தாள். என் கண்ணைத் துவாயால் கட்டினாள். மூன்று கிண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூக்கடியில் பிடித்தாள்.

மூன்றும் அழுகிய இறைச்சி என்றேன். எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கத்தினேன்.

கிண்ணங்களை இடம் மாற்றினாள். மறுபடியும் பிடித்தாள். நான்கு சுற்று. நான் ஒவ்வொரு தடவையும் அதே விடையைச் சொன்னேன். கடைசிச் சுற்றில் மேசையில் அடித்தும் சொன்னேன். அவள் துவாயை அவிழ்த்தாள். ஒன்றில் கோப்பித்தூள். ஒன்றில் பொரித்த வெங்காயம். மூன்றாவதில், சீனி வருத்தம் கூடும் என்று அவள் தடுப்பாள் எனப் பயந்து நான் புத்தக அலுமாரியில் ஒளித்து வைத்திருந்த சொக்லட்.

“பன்னிரண்டு தரம் கேட்டன். எத்தன சரி?” என்றாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறேன். அதை வாங்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“இறைச்சி பழுதில்ல. ஒங்கட மூக்குத்தான் பழுது. அந்த மனிசன்ட சோத்தில மண்ணப் போட்டுட்டீங்க” என்று சொல்லிவிட்டுக் கிண்ணங்களைக் கழுவப் போனாள்.

சல்லடை எலும்பு

சிலாபத்தில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாக எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்குப் பாடம் தெரியும் என்று இடைமறித்தேன். பொறுமையாக, தெரிந்த பாடத்தையே இன்னொரு தடவை கேளுங்கள் என்றார்.

மூக்கின் உச்சியில் தபால் முத்திரை அளவு தோல். அதில் நரம்பு நுனிகள். அதற்கு மேல், சல்லடை போல் துளையுள்ள ஓர் எலும்பு. நரம்புகள் அந்தத் துளைகளால் மேலே போகின்றன. அதற்கப்பால் மூளை. ஒரு மணத்துக்கு ஒரு நரம்பு என்று இல்லை. கோப்பி என்றால் இத்தனை வகை நரம்புகள் இந்த இந்த அளவில் ஒன்றாகத் துடிக்க வேண்டும். அந்த முழுக்கோலத்தைப் பார்த்துத்தான் மூளை ‘கோப்பி’ என்கிறது. காய்ச்சல் அந்த நுனிகளைக் கெடுத்துவிட்டது. சில மறுபடி முளைக்கின்றன, சில இல்லை. கோலத்தில் பாதிப் புள்ளிதான் மேலே போகிறது.

அப்படியென்றால் மூளை, தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன்.

அது அப்படிச் சொல்லாது என்றார். குறையை அதுவே நிரப்பி, ஏதோ ஒரு விடையைச் சொல்லும். ஏன் பலருக்கு அழுகல், எரிச்சல் என்றே வருகிறது என்பது தங்களுக்கும் முழுக்கத் தெரியாது; ஆபத்து என்று சொல்லிவைப்பது பாதுகாப்பு என்பதாலோ என்னவோ என்றார்.

கராம்பு, தேசிக்காய், அத்தர், யூக்கலிப்டஸ் எண்ணெய் ஆகிய நாலையும் காலையும் மாலையும் இருபது இருபது விநாடி, பெயரை நினைத்துக்கொண்டே முகரச் சொன்னார். இப்போது நாலில் மூன்று சரியாக வருகிறது.

வெளிக்கிடும்போது அந்த ஐந்து பேரைப் பற்றிக் கேட்டேன். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லையே, அவர்களுக்கு எப்படி நாறியது?

டொக்டர் சிரித்தார். நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, அதனால்தான் என்றார். மூக்கிலிருந்து வருவதை மட்டும் வைத்து மூளை முடிவெடுப்பதில்லை. எதை எதிர்பார்க்கிறதோ அதையும் கலக்கும். பெரிய மனிதர் ஒருவர் நாறுகிறது என்று சொன்னால், அது நாற்றத்தைத் தேடும். தேடினால் கிடைக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கரும்பலகைதான் கண்ணுக்குள் நின்றது. இருபத்தொன்பது வருடம் ‘புலன் அங்கங்கள்’ படிப்பித்தேன். மூக்கைப் பக்கவாட்டில் வரைவேன். மூக்கிலிருந்து மூளைக்கு ஓர் அம்புக்குறி. மூளையிலிருந்து கீழே வரும் அம்புக்குறியை ஒரு வருடமும் போட்டதில்லை. அந்தக் கிடாரத்தைச் சுற்றி நின்ற எட்டுப் பேரில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள்.

அபூசாலியின் முற்றத்தில்

பள்ளியிலிருந்து அபூசாலியின் வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. அவர்கள் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, அங்கே கல்வீடுகள் இருக்கின்றன. நாங்கள் இன்னும் ‘முகாம்’ என்றுதான் சொல்கிறோம். அந்தத் தூரத்தை நான் முதல்முதலாக நடந்தது அன்றுதான்.

முற்றத்தில் பெரிய தாச்சி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்து, கதிரை கொண்டுவந்து போட்டார். நான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். அதில் மூக்கை வரைந்து கொண்டுபோயிருந்தேன். சல்லடை எலும்பு, நரம்பு, மூளை, இந்த முறை இரண்டு அம்புக்குறி. எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பிழை என்னுடையது, இறைச்சி நல்ல இறைச்சி என்றேன்.

தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“விளங்குது, சேர். மூக்கு பிழை விட்டிருக்கி. அது வருத்தம். அதுக்கு நான் ஒங்களோட கோவிக்கேலாது” என்றார். பிறகு தாளை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். “மத்தக் கதை? அகதி முகாமில எதையும் திண்டு பழகின ஆக்கள் எண்டு சென்னீங்களே. அது எந்த நரம்பால வந்தது? இதில எங்க இரிக்கி எண்டு காட்டுங்க.”

நான் தாளைப் பார்த்தேன். அது இருக்கும் இடத்தை நான் வரைந்திருக்கவில்லை.

“அது... என்ட வாயால வந்தது, அபூசாலி” என்றேன்.

“வாய்க்கு மேல எங்கயோ இருந்துதான் வந்திரிக்கி” என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. தாளை என்னிடம் தந்துவிட்டு, தாச்சியை மறுபடி தேய்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம், சேர்? இறைச்சி நல்லம் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

வெள்ளிக்கிழமை

ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து பேச அனுமதி கேட்டேன். ஹனீபா ஹாஜியார் முதலில் வேண்டாம் என்றார். வயதான காலத்தில் ஏன் உங்களை நீங்களே சின்னப்படுத்த வேண்டும் என்றார். பிடிவாதமாக நின்றேன்.

காய்ச்சலையும் மூக்கையும் பற்றிச் சொன்னபோது சபை இரக்கமாகக் கேட்டது. பன்னிரண்டுக்குப் பூச்சியம் என்றபோது சிரித்தார்கள். பிறகு, அபூசாலியைப் பார்த்து நான் சொன்ன அந்தக் கதையைச் சொல்லுக்குச் சொல் திரும்பச் சொன்னேன். அதை எந்தக் காய்ச்சலும் எனக்குத் தரவில்லை, காய்ச்சலுக்கு முன்னாலும் அது என்னிடம் இருந்தது என்றேன். சிரிப்பு நின்றது. நாலு வரிசை தள்ளி அபூசாலி இருந்தார். தலையைக் குனியவில்லை. மற்றவர்கள் குனிந்திருந்தார்கள்.

வெளியே செருப்புத் தேடும்போது ஹாஜியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரடியாகக் கேட்டேன். அபூசாலியை எப்போது கிடாரத்துக்குத் திரும்பக் கூப்பிடப் போகிறீர்கள்? எண்ணிப் பத்து ரமழான் நாட்கள் மிச்சம் இருக்கின்றன என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஒங்களுக்குப் பெரிய மனசு, சேர். நல்லாச் சொன்னீங்க. ஆனா கோவிக்காதீங்க, அண்டைக்கு அது நாறத்தான் செஞ்சது.”

இரண்டாவது அம்புக்குறியைப் பற்றி வெயிலில் நின்று பதினொரு நிமிடம் விளங்கப்படுத்தினேன். நான் சொன்னதால்தான் உங்களுக்கு நாறியது என்றேன். முதல் தடவை குனிந்தபோது நல்லாத்தானே இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள் என்றேன். நோயாளி ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோல், இடைமறிக்காமல், தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“நான் மணந்தன், சேர்” என்றார். “எனக்குத்தான் காய்ச்சலே வரல்லையே.”